சிறுமி எப்படி அஃறிணை ஆனாள்?

கேள்வி: ஜெர்மன் மொழியில் டர்னிப் கிழங்கு பெண்பாலாம், சிறுமி மட்டும் அஃறிணையாம். ஒழுங்குக்குப் பேர்போனவர்கள் இப்படிக் கிறுக்குத்தனமாக இலக்கணம் வகுக்கலாமா? ஆங்கிலம் எவ்வளவோ மேல் அல்லவா?

பதில்: கிறுக்குத்தனம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. இந்தக் கேலி 1880-இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதியது. 1878 கோடையில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் தங்கி ஜெர்மன் கற்க அவர் பட்ட பாடு அதில் தெரிகிறது. கேலியாகப் படித்தால் அருமையானதுதான். அதையே இலக்கண உண்மையாக எடுத்துக்கொண்டு இன்றுவரை சொல்லி வருவதுதான் தவறு.

சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்ற சொல்லின் ஈற்றில் நிற்கும் 'சென்' ஒரு விகுதி. அது எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் அப்பொருளைச் சின்னதாக்கிக் காட்டுவதோடு, அச்சொல்லை அஃறிணைப் பாலுக்கும் மாற்றிவிடும். ஆண்மகனைக் குறிக்கும் 'மான்' ஆண்பால். அதே விகுதி சேர்ந்து 'மென்சென்' ஆகிவிட்டால் அதுவும் அஃறிணைதான். ஆகவே அங்கே பெண்ணை யாரும் தாழ்த்தவில்லை. இலக்கணம் சொல்லின் ஈற்றைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை என்பதற்கு இவ்வளவு எளிய விளக்கம் இல்லை, மனப்பாடம்தான் செய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாமும் 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம்? மகவு, குழவி போன்ற சொற்கள் உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே சொல்லி வைத்திருக்கிறது. அப்படிச் சொல்லும் எந்தத் தாயும் பிள்ளையை மனிதப் பிறவி அல்ல என்று எண்ணுவதில்லை.

ஆங்கிலம் மேல் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தீராத கோபம். வாக்கியத்தை 'இன்', 'டு', 'வித்' போன்ற ப்ரெபொசிஷனில் (பெயருக்கு முன் வரும் இடைச்சொல்லில்) முடிக்கக் கூடாது என்று பள்ளிகளில் சொல்லித் தருகிறார்களே, அது ஆங்கில மக்களின் பேச்சிலிருந்து எழுந்த விதி அன்று. நாடக ஆசிரியர் பென் ஜான்சன் அப்படி முடித்ததை 1672-இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் குறையாகச் சுட்டினார். பின்வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாகவே இறுக்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று நான் எழுதியபோது, ஆசிரியர் கடைசி 'இன்'னைச் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண்ணைக் குறைத்தார். ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் பேசும் தொடர் அது. அதில் பிழை ஏதும் இல்லை.