பாபநாசம் சிவனை ஏன் மயிலாப்பூரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்?

தஞ்சை மண்ணில் பிறந்தவரை மயிலாப்பூர்க்காரர் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். கர்நாடக இசைப் பாடல்களை இயற்றிய சிவனின் இயற்பெயர் ராமய்யா. 1890-இல் போலகத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் படித்து, பிறகு சென்னைக்கு வந்தவர்தான். ஆனால் மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை பாடி வலம்வந்த அவரை மயிலாப்பூர் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது.

காம்போதி ராகத்தில் அவர் இயற்றிய ‘காணக் கண் கோடி வேண்டும்’ கேளுங்கள். கபாலியின் பவனியைக் கூட்டத்தில் நின்று பார்த்தவரின் பரவசம் அது. மத்தியமாவதியில் ‘கற்பகமே கண் பாராய்’ என்று அம்பாளிடம் உருகுகிறார். சந்நிதியில் நிற்கும் எவருக்கும் புரியும் எளிய தமிழ். ராகத்தின் கனமோ சற்றும் குறையாது. இந்தச் சேர்க்கை மிக அரிது என்பேன். ‘தமிழ்த் தியாகையர்’ என்ற பெயர் அவருக்கு முற்றிலும் பொருந்தும்.

திரைப்படங்களுக்கும் நிறைய எழுதினார். சங்கீத கலாநிதி விருது 1971-இல்தான் வந்தது, 1973-இல் மறைந்தார்.