அம்மா சைவம், நாங்கள் அசைவம்: ஸ்ரீநகரில் ஐந்து நாள் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: நவம்பர் முதல் வாரத்தில் குடும்பத்தோடு ஐந்து நாள் ஸ்ரீநகர் போகிறோம். நானும் கணவரும் அசைவம். அம்மா சுத்த சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார். ஏழு வயது மகனுக்குக் காரம் ஆகாது. காஷ்மீர் சாப்பாடு என்றாலே வாஸ்வான் விருந்து என்கிறார்கள். அங்கே எதையெல்லாம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்டு வாங்குவது?

பதில்: அம்மாவிடமிருந்தே ஆரம்பிப்போம். காஷ்மீர் போகிற சைவக்காரர்கள் பெரும்பாலும் ஐந்து நாளும் ரொட்டியும் பனீர் பட்டர் மசாலாவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர்கள். மதியமும் இரவும் வெள்ளைச் சோறுதான். அதோடு அவர்கள் வீட்டில் தினமும் வைக்கிற குழம்பு, கீரை எல்லாம் உங்கள் அம்மாவுக்கு ரொட்டியைவிட நன்றாகவே பிடிக்கும்.

முதலில் ஹாக். முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கீரை இது. கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, பெருங்காயமும் மிளகாயும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் இலைகளை முழுசாகப் போட்டு வேகவிடுவார்கள். வேறு மசாலா கிடையாது. கீரையை மசிப்பதும் இல்லை. இலை பச்சை மாறாமல் வழவழவென்று வெந்திருக்கும். கூடவே தெளிவான சாறு நிற்கும். அந்தச் சாற்றை ரசம் மாதிரி சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். முதல் வாய் சப்பென்று இருக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும். காஷ்மீர் வீடுகளில் அனேகமாக தினமும் அடுப்பில் இருக்கிற பண்டம் இது. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு எதற்கு என்று நினைத்துப் பல ஓட்டல்களில் மெனுவிலேயே போடமாட்டார்கள். வாய்விட்டுக் கேளுங்கள். நூக்கலையும் அதன் கீரையையும் சேர்த்துச் சமைத்தால் மொஞ்ச் ஹாக். அதையும் விட வேண்டாம்.

அடுத்தது நத்ரு, அதாவது தாமரைத் தண்டு. டல், மானஸ்பல் ஏரிகளில் இலையெல்லாம் காய்ந்த பிறகு, படகில் இருந்தபடி நீண்ட கம்பை விட்டுச் சேற்றுக்குள்ளிருந்து இழுத்து எடுப்பார்கள். நீங்கள் போகும்போது அதற்குச் சரியான பருவம். குறுக்கே வெட்டினால் சக்கரம் மாதிரி துளை துளையாக இருக்கும். நத்ரு யக்னி என்று கேளுங்கள்: தயிரை விடாமல் கிளறிக் கொதிக்க வைத்து, சோம்புப் பொடி, சுக்குப் பொடி, ஏலக்காய் சேர்த்த வெள்ளைக் குழம்பில் வெந்த தாமரைத் தண்டு, மேலே நொறுக்கிய காய்ந்த புதினா. நம் மோர்க்குழம்பு ருசி பழகிய நாக்குக்கு இது அன்னியமாகவே இருக்காது. காரமும் இல்லை, மகனுக்கும் கொடுக்கலாம்.

பனீரை அங்கே சாமன் என்பார்கள். மஞ்சள், பால், சோம்பு சேர்த்த லியோதுர் சாமன், தக்காளி சேர்த்த ருவாங்கன் சாமன் இரண்டுமே அம்மாவுக்கு ஆகும். புளிப்புக் கத்தரிக்காய்க்குப் பெயர் சொக் வாங்குன். தம் ஆலு கேட்கும்போது மட்டும் கவனம். சின்ன உருளையை வேகவைத்து, தோல் உரித்து, ஊசியால் குத்தி, நிதானமாகப் பொரித்து, மிளகாய், தயிர், சோம்புக் குழம்பில் ஊறவிடுவதுதான் காஷ்மீர் முறை. முந்திரி அரைத்த கெட்டிக் குழம்பில் மிதந்து வந்தால் அது வேறு ஊர்ச் சமையல்.

இனி வெங்காயம், பூண்டு விஷயம். காஷ்மீரில் இரண்டு சமையல் மரபுகள் உண்டு. பண்டிதர்கள், அதாவது காஷ்மீர் இந்துக்கள், ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள், ஆனால் அவர்கள் பாரம்பரியச் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. பெருங்காயம், சோம்பு, சுக்கு மூன்றும்தான் ருசி. முஸ்லிம் வீட்டுச் சமையலில் பூண்டும் ப்ரானும் உண்டு. ப்ரான் என்பது அந்த ஊர்ச் சின்ன வெங்காயம். 1990ல் பண்டிதர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிவிட்டார்கள். அதனால் அவர்கள் கைப்பக்குவத்தை ஸ்ரீநகர் ஓட்டல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் மேலே சொன்ன பண்டங்களின் பண்டிதர் வீட்டுப் பக்குவத்தில் வெங்காயம், பூண்டு இருக்காது. ஆனால் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கேட்கும்போது பியாஸ் (வெங்காயம்), லஹ்சுன் (பூண்டு), ப்ரான் மூன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பியாஸ் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ப்ரானைப் போட்டுவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அது வேறு பொருள். கறிச் சமையல் நடக்கிற அடுப்பே வேண்டாம் என்று அம்மா நினைத்தால் டல்கேட், துர்காநாக் பக்கம் வைஷ்ணோ தாபாக்கள் இருக்கின்றன. அங்கே நெய் விட்ட ராஜ்மாவும் சோறும் வயிறாரச் சாப்பிடலாம். வெங்காயக் கேள்வியை அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் இருவருக்கும் வருவோம்.

வாஸ்வான் என்பது கல்யாண விருந்து. சமைப்பவர் வாஸா. முந்தின இரவே வாசலிலோ தோட்டத்திலோ விறகடுப்பை வரிசையாகப் போட்டு, செம்புப் பாத்திரங்களில் விடிய விடியச் சமைப்பார்கள். த்ராமி என்கிற பெரிய செம்புத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கபாபும் விலாக்கறியும் அடுக்கி வைப்பார்கள். ஒரு தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மற்றக் கறிகளை வாஸா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவார். ஓட்டலில் இதையே சின்ன அளவில் த்ராமி என்று விற்பார்கள். முதல் நாளே அதை வாங்காதீர்கள். ஏழெட்டு ஆட்டுக்கறி ஒரே தட்டில் வந்தால் நாலாவதுக்கு மேல் எது என்ன ருசி என்றே தெரியாது. தனித்தனியாக, ஒரு வேளைக்கு இரண்டு என்று கேட்டு, வெறும் சோற்றோடு சாப்பிடுங்கள். ரெசிடென்சி ரோட்டில் இருக்கிற அஹ்தூஸ் மாதிரிப் பழைய ஓட்டல்களில் அப்படிக் கிடைக்கும்.

எதைக் கேட்பது? என்னைக் கேட்டால் குஷ்தாபாவும் தபக் மாஸும்தான் முதலிடம். குஷ்தாபாவுக்கு அறுத்த சூடு ஆறாத கறி வேண்டும். எலும்பும் நரம்பும் நீக்கிய கறியைக் கல்லின் மேல் வைத்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, இடையில் கொழுப்பைச் சேர்த்து மறுபடி தட்டி, வெண்ணெய் மாதிரி ஆன பிறகுதான் உருட்டுவார்கள். பிறகு தயிர்க் குழம்பில் வேகும். நல்ல குஷ்தாபாவைக் கரண்டியால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கி, விட்டதும் எழும்பும். மிஷினில் அரைத்த கறி அப்படி வராது, பொலபொலவென்று உதிரும். ஒன்றே பெரிதாக இருக்கும். ஆளுக்கு ஒன்று போதும். விருந்தில் கடைசியாக வருகிற கறி இதுதான்; இது வந்துவிட்டால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். காரம் கிடையாது, பையனுக்குக் கவலையில்லாமல் ஊட்டலாம். இதே மாதிரி தட்டிய கறியைச் சின்ன உருண்டையாகச் சிவப்புக் குழம்பில் போட்டால் ரிஸ்தா.

தபக் மாஸ் விலாக்கறி. மசாலாவில் வேகவைத்து, பிறகு நெய்யில் மொறுமொறுப்பாக வறுப்பார்கள். சூடாக வந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும்.

ரோகன் ஜோஷ் என்கிற ஆட்டுக்கறிக் குழம்பின் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காஷ்மீர் மிளகாய் நிறம் கொடுக்குமே தவிர அவ்வளவாக உறைக்காது. வாஸாக்கள் அதோடு மவல் என்கிற கோழிக்கொண்டைப் பூவை ஊறவைத்த சாற்றையும் சேர்ப்பார்கள். குழம்பு நீர்க்க, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்க இருக்கும். உண்மையாகவே உறைப்பது மிர்ச்வாங்கன் கோர்மா. பெயரிலேயே மிளகாய் இருக்கிறது, அதை மகனிடமிருந்து தள்ளி வையுங்கள்.

காலைச் சாப்பாட்டை ஒரு நாளாவது தங்கும் இடத்தில் சாப்பிடாதீர்கள். தெருவுக்குத் தெரு காந்துர் கடை இருக்கும். காந்துர் என்றால் ரொட்டி சுடுகிறவர். மண் தந்தூரின் வாய்க்குள் கையை விட்டு, மாவை உள்சுவரில் அறைந்து ஒட்டி, இரும்புக் கம்பியால் எடுத்துப் போடுவார். விரல் தடம் பதிந்த கிர்தாவும், எள் தூவிய சொச்வோருவும் வாங்கி, வெண்ணெய் தடவி, நூன் சாயோடு சாப்பிடுங்கள். நூன் சாய் உப்பு டீ. பச்சைத் தேயிலையைச் சோடா உப்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கறுஞ்சிவப்புச் சாறு இறங்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் மொண்டு மொண்டு ஆற்றி, பாலைச் சேர்த்ததும் ரோஜா நிறம் வந்துவிடும். டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். ரொட்டி தோய்த்துச் சாப்பிடுகிற சூப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு டீ வேண்டவே வேண்டாம் என்பவருக்கு குங்குமப்பூ, பட்டை, ஏலக்காய், பாதாம் போட்ட கஹ்வா இருக்கிறது.

நவம்பரில் போவதால் உங்களுக்கு ஹரீஸாவும் கிடைக்கும். ஆட்டுக்கறியும் அரிசியும் இரவு முழுக்க அடுப்பில் பதித்த மண்பானையில் வெந்து, குழைந்து, களி மாதிரி ஆகியிருக்கும். மேலே சுடச்சுட எண்ணெய் ஊற்றி ரொட்டியோடு தருவார்கள். பழைய நகரத்தில் ஆலி கதல் பக்கம் இதற்கென்றே கடைகள் உண்டு. விடியற்காலையில் போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பானை காலியாகிவிடும். ஒரே விஷயம், மிகவும் கனமான சாப்பாடு. அன்றைக்கு மதியம் ஹாக்கும் சோறும் போதும்.

மாலையில் ஹஸ்ரத்பல் கடைகளில் நத்ரு மொஞ்சே, அதாவது தாமரைத் தண்டு பஜ்ஜி, நன்றாக இருக்கும். ஆனால் பல கடைகளில் அதே எண்ணெயில் மீனும் பொரிப்பார்கள். அம்மாவுக்கு வாங்கும் முன் சட்டியைப் பார்த்துவிடுங்கள். அசைவத்துக்கு கயாம் சவுக்கில் கறித் துண்டுகளைக் கம்பியில் குத்திச் சுடுகிற துஜ்.

குங்குமப்பூ பாம்போரில் வாங்குங்கள், ஸ்ரீநகரிலிருந்து கொஞ்ச தூரம்தான். நீங்கள் போகிற வாரத்தில் வயலெல்லாம் ஊதாவாகப் பூத்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு பூவில் மூன்றே சிவப்பு இழை. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.5 லட்சம் பூ வேண்டும். 2020ல் புவிசார் குறியீடும் வாங்கிய பொருள், அதனால் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஓர் இழையைத் தண்ணீரில் போட்டால் மஞ்சள் நிறம் மெதுவாக இறங்க வேண்டும், இழை சிவப்பாகவே இருக்க வேண்டும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்கும்; இனித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு வெர் வாங்கி வாருங்கள். மசாலாவை அரைத்து, நடுவில் ஓட்டை போட்ட வடையாகத் தட்டிக் காயவைத்தது. குழம்பு இறக்கும்போது ஒரு துண்டை நொறுக்கிப் போட்டால் போதும். பூண்டு போட்டதும் உண்டு, பெருங்காயம் போட்டதும் உண்டு. அம்மாவுக்குப் பெருங்காயம் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அல் ஹச்சி என்கிற சுரைக்காய் வற்றலும் கிடைக்கும். குளிர்காலத்துக்காக வெயிலில் காயவைத்தது. அதை எப்படிச் சமைப்பது என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.