பாடப் பட்டியலிலிருந்து ஒரு புத்தகத்தை நீக்கினால் அது பேச்சுரிமை மீறலா?

பட்டியலிலிருந்து நீக்குவது என்றால், ஆசிரியர் வகுப்பில் நடத்தும் புத்தகங்களில் அது இனி இல்லை, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசியில் மெக்மின் கவுண்டி பள்ளி வாரியம், யூத இனப்படுகொலையைப் படக்கதையாகச் சொல்லும் 'மவுஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 10-0 என்ற வாக்கில் தூக்கியது. சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் இருக்கிறதாம் (இனப்படுகொலையை நாகரிகமாக வேறெப்படி வரைவது?).

முட்டாள்தனமான முடிவுதான், ஆனால் சட்டம் பெரும்பாலும் இதில் தலையிடாது. வருடத்துக்கு நாலைந்து புத்தகம்தான் நடத்த முடியும், யாராவது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். ஹாஸ்டல் மெஸ்ஸில் பூரியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டால் எரிச்சல் வரும், ஆனால் நீங்கள் வெளியே போய்ச் சாப்பிடுவதை அது தடுக்கவில்லை.

பள்ளி நூலகம் என்றால் கதை வேறு, அங்கே மாணவன் தானாகத் தேடிப் படிக்கிறான். நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகப் புத்தகங்களை அகற்றியபோது மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அப்படி அகற்றக் கூடாது என்று 1982-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் எழுதினார்கள், ஆனால் அந்த வாதத்துக்கு நீதிபதிகளில் பெரும்பான்மை சேரவில்லை, அதனால் சண்டை இன்றும் ஓயவில்லை.

அப்புறம், 'மவுஸுக்கு அமெரிக்காவில் தடை' என்று பலர் எழுதுவது தவறு: கடையில் தாராளமாகக் கிடைத்தது, அந்தச் செய்திக்குப் பிறகு விற்பனை எகிறவும் செய்தது.