பல்லைக் காப்பாற்றவா, பிடுங்கவா? கடல் கடந்து வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து. ஊர் வேறு, காப்பீடு வேறு, குழப்பம் மட்டும் ஒன்றுதான்: ரூட் கனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து வேரை அடைக்கும் வேர் சிகிச்சை) செய்துகொள்வதா, பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்) போட்டுக்கொள்வதா? பதிலுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேர் சிகிச்சை செய்கிறவன்; பல்லைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல். முதலில் கூச்சம், இப்போது இரவில் தூங்க முடியாத வலி. ஒரு டாக்டர் ரூட் கனால் என்கிறார். இன்னொருவர், "செத்த பல்லுக்கு ஏன் செலவு? எடுத்துப்போட்டு இம்ப்ளாண்ட் வையுங்கோ" என்கிறார். வயது 41. எது நல்லது? (ஸ்கார்பரோ, கனடா)

எது நல்லது என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் பல் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு டாக்டர்களிடமும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சுமா? மிஞ்சினால்தான் பல்லின்மேல் மாட்டும் உறையான கேப் பிடித்து நிற்கும். வேரில் நெடுக்காக விரிசல் விட்டிருக்கிறதா? விட்டிருந்தால் பேச்சே இல்லை, எடுக்கத்தான் வேண்டும். பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது?

மூன்றுக்கும் சாதகமான பதில் வந்தால் ரூட் கனால் செய்துகொள்ளுங்கள், யோசிக்க வேண்டாம். ஒழுங்காக வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல்லும், ஒழுங்காகப் பொருத்திய இம்ப்ளாண்டும் பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிலைக்கின்றன. ஆனால் இரண்டும் தோற்கும் விதம் ஒன்றல்ல. ரூட் கனால் தோற்றால் மறுபடி திறந்து சுத்தம் செய்யலாம். வேர் நுனியை மட்டும் அறுவை செய்து எடுக்கலாம். எதுவும் நடக்காவிட்டால் இம்ப்ளாண்டுக்குப் போகலாம். இம்ப்ளாண்ட் தோற்றால் போகும்போது எலும்பையும் சேர்த்துக்கொண்டு போகும். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது.

"செத்த பல்" என்பதும் சரியில்லை. உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும்தான் போய்விட்டன. வேரை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்த்திசு உயிரோடுதான் இருக்கிறது. சோற்றில் சிறு கல் அகப்பட்டதும் சட்டென்று கடிப்பதை நிறுத்துகிறோமே, அந்த உணர்வைக் கொடுப்பது அதுதான். எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்ட இம்ப்ளாண்ட் திருகுக்கு அது கிடையாது.

பணக் கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது. தனிக் காப்பீடு இல்லாமல், குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருந்தால் கனடா அரசின் பல் மருத்துவத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ரூட் கனாலுக்கு இடமுண்டு, கேப்புக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், இம்ப்ளாண்டுக்கு இடமே இல்லை.

மூன்று வாரம் லீவில் திருச்சி வருகிறேன். அதற்குள் சீழ் பிடித்த ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி இம்ப்ளாண்ட் போட்டு முடித்துக்கொண்டு கிளம்ப முடியுமா? இங்கே கேட்கிற தொகையில் கால்பங்குதான் ஊரில் ஆகும் என்கிறார்கள். (ஷார்ஜா)

முடியாது. "மூன்றே நாளில் பல்" விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது முழுப் பொய்யும் அல்ல. பல்லே இல்லாத தாடையில் பல திருகுகளைப் போட்டு ஒன்றோடொன்று இணைத்துக் கட்டும்போதும், எலும்பு நன்றாக இருக்கும் முன்பற்களில் சிலருக்கும், உடனே பல் வைக்கலாம். சீழ் பிடித்த ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகுகளைப் பொருத்தினார். எலும்பு அதோடு ஒட்டிக்கொள்ளக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. இப்போது திருகின் மேற்பரப்பு மேம்பட்டு, காத்திருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனாலும் மாதக் கணக்குதான், லீவுக் கணக்கல்ல.

இம்ப்ளாண்ட்தான் வழி என்றால் இரண்டு லீவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த முறை பல்லை எடுத்துத் திருகைப் போட்டு ஈறை மூடிவிடலாம். அடுத்த லீவில் கேப். திருகு ஈறுக்குள் ஒரு வருடம் சும்மா கிடப்பதால் கெடுதல் இல்லை. இடையில் வீங்கினால், சீழ் வந்தால், ஷார்ஜாவில் யார் பார்ப்பார் என்பதை மட்டும் கிளம்புமுன் முடிவு செய்துவிடுங்கள். அடுத்தவர் போட்ட திருகைத் தொடப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அதே மூன்று வாரத்தில் ரூட் கனாலும் கேப்பும் தாராளமாக முடியும். வந்த மறுநாளே டாக்டரைப் பாருங்கள். முதல் அமர்வில் நரம்பை எடுத்து மருந்து வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து வேரை அடைப்பார்கள். அளவெடுத்துக் கேப் வர இன்னும் ஐந்தாறு நாள். கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி நான்கு நாளில் வாயைத் திறந்துகொண்டு வருகிறவர்களுக்குத்தான் தற்காலிக அடைப்போடு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சையும் நல்ல கேப்பும் சேர்ந்து பத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இம்ப்ளாண்ட் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

திரும்பும்போது பையில் வலி மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க: டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. பாரசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் போதும்.

நான் இங்கே பி.ஆர். (நிரந்தரவாசி). இம்ப்ளாண்டுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தை எடுக்கலாம், ரூட் கனாலுக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அப்படியானால் பிடுங்கிவிடுவதே லாபம் இல்லையா? (சிங்கப்பூர், வயது 36)

உங்கள் கணக்கு தப்பில்லை. பல் விஷயத்தில் மெடிசேவைப் பொதுவாக அறுவை சிகிச்சைக்குத்தான் எடுக்கலாம். இம்ப்ளாண்ட் அறுவையில் சேரும், ரூட் கனால் சேராது. விதி அப்படி இருப்பதால் உங்கள் பல் பிடுங்கத் தகுந்ததாகிவிடாது. மெடிசேவும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம்தானே? அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மீதியை நீங்கள்தான் கட்டுவீர்கள், திருகின்மேல் வைக்கும் பல்லுக்கான செலவும் அதில் வரும். எதிர்காலத்தில் மூட்டுக்கோ கண்ணுக்கோ தேவைப்படும் தொகையை, காப்பாற்றக்கூடிய ஒரு பல்லை எடுப்பதற்காக இன்றே கரைக்கிறீர்கள்.

உங்களுக்கு 36 வயது. இன்று போடும் இம்ப்ளாண்ட் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும். அதற்குச் சொத்தை வராது, உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழற்சி வந்து எலும்பு கரையலாம்; வலியில்லாமலே கரையும் என்பதுதான் தொல்லை. புகை பிடிப்பவர், ஏற்கெனவே ஈறு நோய் உள்ளவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் ஆகியோருக்கு அது இன்னும் சீக்கிரம். இதில் நீங்கள் எந்த வகை என்று எழுதவில்லை.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். மேல் கடைவாய்ப்பல்லில் வீக்கம். இங்கே ஆகும் செலவைப் பார்த்தால் பிடுங்கிவிடலாம் என்று தோன்றுகிறது, பிறகு ஊரில் இம்ப்ளாண்ட் போட்டுக்கொள்ளட்டும். எலும்பு தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறார். (நியூ ஜெர்சி)

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். வருடம் ஒருமுறை போடும் ஊசி என்றால் அநேகமாக ஸோலெட்ரானிக் அமிலம். இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து நிற்கும் ஆபத்து உண்டு. எலும்பு தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் அது அபூர்வம்தான். புற்றுநோய்க்காக அடிக்கடி பெறுகிறவர்களுக்கே அதிகம். இருந்தாலும், காப்பாற்றக்கூடிய பல்லை இவருக்குப் பிடுங்க நான் துணிய மாட்டேன். ரூட் கனால்தான் பாதுகாப்பு. ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, சமீபத்திய மூன்று மாதச் சர்க்கரை அளவு, மூன்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். அம்மா தாமாகச் சொல்ல மாட்டார். "பல்லுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்" என்று என் அறையிலேயே எத்தனையோ அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள்.

பார்வையாளர் காப்பீட்டில் பல்லுக்கு இருப்பது பெரும்பாலும் திடீர் வலிக்கான சிறு தொகைதான். அதற்குள் அடங்காவிட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை மையத்தை விசாரியுங்கள். உங்கள் மாநிலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு நுவார்க்கில் ஒன்று இருக்கிறது. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்ப்பார். நேரம் பிடிக்கும், செலவு குறையும். வேரை அடைத்து, மேலே உறுதியான நிரந்தர அடைப்பு வைத்துவிட்டால் கேப்பை ஊருக்குப் போனதும் போட்டுக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை வேண்டாம்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கண்ணை நோக்கியோ பரவினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும், காய்ச்சல் வந்தாலும் பல் டாக்டரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்ஸிசிலினை வைத்து நாளைக் கடத்த வேண்டாம். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடியும், காரணம் அப்படியே இருக்கும்.

என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) டாக்டர், மேல் கடைவாய்ப்பல் "சிக்கலானது, தனியார் நிபுணரிடம் போங்கள்" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர் என்றாலும் உள்ளே நரம்பு ஓடும் குழாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது, மயிரிழை போல ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டதால் மறுபடி வலியோடு வருகிற பற்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நுண்ணோக்கி வைத்து அதைத் தேடிப் பிடிப்பவரிடம் அனுப்பினால் அது நேர்மையான யோசனை. "என்ன சிக்கல், எக்ஸ்ரேயில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தெரிந்தவர் தட்டிக்கழிக்கவில்லை.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பல் சிகிச்சைக் கட்டணம் அடுக்கடுக்காக இருக்கிறது. ரூட் கனால் இரண்டாம் அடுக்கு; 2025 ஏப்ரல் கட்டணப்படி அது 75.30 பவுண்டாக இருந்தது. கேப்பும் அதே சிகிச்சைத் தொடரில் சேர்ந்தால் மூன்றாம் அடுக்கின் கட்டணம் (அப்போது 326.70 பவுண்ட்) மட்டும், இரண்டையும் கூட்டிக் கட்ட வேண்டியதில்லை. இம்ப்ளாண்ட் அங்கே பொதுவாகக் கிடைக்காது, புற்றுநோய், பெரிய விபத்து போன்ற சில நிலைகளைத் தவிர.

கோவையில் ரூட் கனால் முடித்தேன், கேப் போட நேரமில்லை. படிக்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை. (ஆகன், ஜெர்மனி)

வலிக்க அங்கே நரம்பு இல்லை, அதனால் வலி இல்லாததை வைத்து நிம்மதியடையாதீர்கள். தற்காலிக அடைப்பு தாங்குவது சில வாரம். எச்சில் உள்ளே இறங்கியிருந்தால் வேர் சிகிச்சையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். பல் பிளந்துவிட்டால் அதற்கும் வழியில்லை. இந்த வாரமே போங்கள். அரசுக் காப்பீடு என்றால் கேப்புக்கு முன் டாக்டரிடம் செலவுத் திட்டம் எழுதி வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் பெறுங்கள். அடிப்படைச் சிகிச்சைக்கு அவர்கள் வைத்திருக்கும் தொகையில் 60 சதவீதம் தருவார்கள். உங்கள் பில்லில் 60 சதவீதம் அல்ல, கவனம்.

ரூட் கனால் செய்த பல் புற்றுநோயை உண்டாக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. (பாரிஸ்)

உண்டாக்காது. சிகிச்சை செய்த பல்லிலிருந்து உடம்பெங்கும் நோய் பரவுகிறது என்று அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் 1920களில் சொன்னார். பின்னால் வந்த கவனமான ஆய்வுகளில் அது நிற்கவில்லை. நூறு வருடப் பழைய சரக்குக்குப் புது இசை போட்டு அனுப்புகிறார்கள்.

இரண்டு வருடம் முன் சென்னையில் போட்ட இம்ப்ளாண்ட் இப்போது ஆடுகிறது. இங்குள்ள டாக்டர் "எந்த கம்பெனி?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. (மெல்பர்ன்)

ஆடுவது எது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேப் மட்டும் ஆடினால், அதைத் திருகோடு இணைக்கும் சிறு ஆணி தளர்ந்திருக்கும், முடுக்கினால் போதும். மொத்தமும் ஆடினால் எலும்பு கைவிட்டுவிட்டது, கழற்றத்தான் வேண்டும்.

முடுக்குவதற்குத்தான் கம்பெனி பெயர். ஸ்ட்ராமன், நோபல், ஆஸ்டெம் என்று ஒவ்வொன்றின் ஆணித் தலையும் ஒவ்வொரு வடிவம். ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. வளைகுடாவில் போட்ட இம்ப்ளாண்டோடு ஒருவர் என்னிடம் வந்தார். கையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. தப்பான சாவியை அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. எக்ஸ்ரேயில் தெரிந்த வடிவத்தை வைத்து கம்பெனியைக் கண்டுபிடித்துச் சாவியை வரவழைத்தபின் ஐந்தே நிமிட வேலை.

போட்ட மருத்துவமனைக்கு இன்றே எழுதுங்கள். கம்பெனி, திருகின் விட்டம், நீளம், தொகுதி எண் நான்கும் வேண்டும். இம்ப்ளாண்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு லேபிளை உங்கள் கோப்பில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாலே போதும். பதில் வரும்வரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். கேப் கழன்று வந்தால் ஆணியோடு சேர்த்து ஒரு சிறு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.