கணக்கு நோட்டின் பின்பக்கத்து மீன்கள்

அன்புள்ள அம்மா,

போன வாரம் உங்கள் மகனோடு வந்தபோது அவனுடைய கணக்கு நோட்டையும் கொண்டு வந்திருந்தீர்கள். "பாருங்க சார், பாதி நோட்டு இப்படித்தான் வீணாப் போகுது" என்று வருத்தப்பட்டீர்கள். அந்தப் பக்கத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் ஒரு மீன். அதன் வயிற்று வளைவுதான் அடுத்த மீனின் முதுகு. நடுவில் துளி இடைவெளி இல்லை. நாலைந்து இடத்தில் அழித்து அழித்துத் தாளே நைந்துபோயிருந்தது. பொழுதுபோகாமல் கிறுக்குகிற பையன் இவ்வளவு அழிக்க மாட்டான்.

இதே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எம்.சி. எஷர், நெதர்லாந்து நாட்டு ஓவியர், 1898இல் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினீயர். பையனோ பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. கட்டடக் கலையாவது படிக்கட்டும் என்று 1919இல் ஹார்லெம் நகரக் கல்லூரியில் சேர்த்தார்கள். சேர்ந்த சில நாட்களிலேயே அங்கிருந்த அச்சுக்கலை ஆசிரியர் டி மெஸ்கிட்டா அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, வரைகலைப் பிரிவுக்கு மாறச் சொன்னார். வீட்டிலும் சம்மதித்தார்கள். 1944இல் அந்த யூத ஆசிரியரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனபோது, அவர் வீட்டில் சிதறிக் கிடந்த படங்களைப் பத்திரப்படுத்தியவர்களில் எஷரும் ஒருவர். பூட்ஸ் தடம் பதிந்த ஒரு படத்தைக் கடைசிவரை வைத்திருந்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

1936இல் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் மனைவியோடு உட்கார்ந்து, சுவர் ஓடுகளின் கோலங்களை நாள்கணக்கில் பிரதி எடுத்தார். அப்புறம் அந்தக் கோலங்களுக்குள் பல்லியும் பறவையும் மீனும் புகுந்தன. உங்கள் மகன் நோட்டில் இருப்பதும் அந்த ஜாதிதான்.

1961இல் அவர் செய்த 'அருவி' என்ற கல்லச்சுப் படத்தைப் பையனிடம் காட்டுங்கள். தண்ணீர் விழுந்து சக்கரத்தைச் சுழற்றும். வாய்க்கால் வழியே வளைந்து வளைந்து கீழ்நோக்கி ஓடும். ஆனால் கடைசியில் விழுந்த இடத்துக்கே மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு மூலையைத் தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் நடக்கவே முடியாத கட்டடம். தப்பு எந்த இடத்தில் என்று அவனையே தேடச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்கு அடிப்படை, பென்ரோஸ் என்ற தந்தையும் மகனும் 1958இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. மகன் ரோஜர் பென்ரோஸ் கணித மேதை. 1954இல் ஆம்ஸ்டர்டாம் கணித மாநாட்டுக்குப் போனபோது எஷரின் படங்களைப் பார்த்து வியந்தவர். கணக்குப் பாடம் வராத மனிதரின் படங்களைக் கணித அறிஞர்கள் கொண்டாடினார்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஷரின் படங்கள் நன்றாக விற்கத் தொடங்கியது ஐம்பது வயதைத் தாண்டித்தான். அதுவரை பல வருஷம் பெற்றோரின் உதவி இருந்தது. எல்லா வீட்டிலும் அது முடியாது, உங்கள் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். அதனால்தான் கணக்கை விடச் சொல்ல மாட்டேன். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தாலும், ஐஐடி பம்பாய் நடத்தும் யுசீட் (UCEED), தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் என்ஐடி (NID) ஆகிய நுழைவுத் தேர்வுகளை எழுதலாம். இரண்டுமே வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கானவை. கையால் வரையும் திறமையையும் சோதிப்பார்கள். ஓவியத்தையே முழுதாகப் படிக்க ஆசைப்பட்டால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விடுமுறையில் ஒருநாள் கூட்டிப்போய், படிக்கிற பிள்ளைகளிடம் பேசவிடுங்கள்.

இப்போதைக்கு அவனுக்கு ஒரு தனி வரைபட நோட்டு வாங்கிக் கொடுங்கள். கணக்கு நோட்டு கணக்குக்கு இருக்கட்டும். அவன் படங்களை, வரையத் தெரிந்த ஓர் ஆசிரியர் ஒருமுறை பார்க்க வேண்டும்; என் கண் அதற்குப் போதாது. தெரிந்த ஒருவரிடம் கேட்டு வைக்கிறேன்.

அடுத்த முறை அவன் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அந்தப் பழைய நோட்டையும் கொண்டு வாருங்கள். தாள் நைந்த பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம்.