முதல் முறையாக காசினோ போகிறவர் எந்த ஆட்டம் ஆடலாம்?

இதுவரை சூதாடியதே இல்லை, நண்பர்களோடு முதல் தடவையாக காசினோ போகிறேன், எந்த ஆட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம், உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்ந்து ஆடினால் ஜெயித்துக்கொண்டே இருக்கலாம் என்கிற ஆட்டம் எதையும் காசினோக்காரர் உங்களுக்காக வைத்திருக்க மாட்டார். ஆனால் பணம் மெதுவாகப் போகும் ஆட்டமும் உண்டு, மளமளவென்று போகும் ஆட்டமும் உண்டு. அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் ஒரு மாலைப்பொழுதை நிம்மதியாகக் கழித்துவிட்டு வரலாம்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். நீங்கள் கட்டிய எண் விழுந்தால் 35 மடங்கு கொடுப்பார்கள், கட்டிய சிப்பும் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) உங்களுடையதே. சரி, 37 எண்களிலும் எண்ணுக்கு ஒரு சிப் வைத்துப் பாருங்கள். 37 போட்டு 36 எடுப்பீர்கள். குறைகிற அந்த ஒரு சிப்தான் காசினோவின் வருமானம், 2.7 சதவீதம். விழும் எண்ணின் நிறம் சிவப்பு, கறுப்பு என்று கட்டினாலும் சராசரி அதேதான். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு எண் சேர்கிறது, ஆனால் கொடுப்பது அதே 35 மடங்கு. அதனால் காசினோவின் பங்கு 5.26 சதவீதமாகிவிடும். உட்காரும் முன் சக்கரத்தில் எத்தனை ஜீரோ என்று கட்டாயம் பாருங்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது, வேகத்தையும் பார்க்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒற்றை ஜீரோ ரூலெட்டில் சுற்றுக்கு 10 கட்டுகிறீர்கள், மணிக்கு 40 சுற்று ஓடுகிறது என்றால் மொத்தப் பந்தயம் 400, சராசரி இழப்பு ஏறக்குறைய 11. பக்கத்திலேயே ஒரு ஸ்லாட் மெஷின், தடவைக்கு 1 தான், கட்டுவதில் 92 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குப் பத்து தடவை பொத்தானை அழுத்தினால் மணிக்கு 600 பந்தயம், இழப்பு 48. பத்தில் ஒரு பங்கு பந்தயம், நான்கு மடங்குக்கும் மேல் நஷ்டம்! சின்னக் காசுதானே என்று புதியவர்கள் முதலில் அங்கே போய் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரை (சீட்டுப் போடும் காசினோ ஊழியர்) முந்த வேண்டிய பிளாக்ஜாக் பிடிக்கும் என்றால் எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்ற அட்டவணையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். விதிகள் நன்றாக இருக்கும் டேபிளில் காசினோவின் பங்கு அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருவதற்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர். அது விழுந்தால் 3:2 தருகிறார்களா 6:5 தருகிறார்களா என்று டேபிள் விரிப்பிலேயே எழுதியிருக்கும். 10 கட்டினால் முன்னதில் 15, பின்னதில் 12. 6:5 டேபிளைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ், அதாவது டீலருக்கு பிளாக்ஜாக் விழும் என்று தனியாகக் கட்டும் பந்தயம், வேண்டுமா என்று டீலர் கேட்டால் வேண்டாம் என்பதே பதில்.

வரிசையாகக் கறுப்பே விழுகிறது, அடுத்தது சிவப்புதான் என்று அக்கம்பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டே கார்லோ காசினோவில் ரூலெட்டில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. சிவப்பு வந்தே தீரும் என்று கட்டியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். பந்துக்கு முந்தைய சுற்று ஞாபகத்தில் இருப்பதில்லை. தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் முறையும் ஆபத்தானது. 10ல் தொடங்கி ஏழு தடவை தோற்றால் 1270 போயிருக்கும். எட்டாவதாக 1280 கட்டி ஜெயித்தாலும் கையில் நிற்கும் லாபம் 10 தான். அதற்குள் டேபிளின் உச்சவரம்பு வேறு குறுக்கே வந்துவிடலாம்.

உள்ளே போனதும் ஒரு அரைமணி நேரம் சும்மா நின்று வேடிக்கை பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்ற பலகை ஒவ்வொரு டேபிளிலும் இருக்கும். பணத்தை டீலர் கையில் நீட்டாமல் விரிப்பின் மேல் வையுங்கள். கேமராவுக்குத் தெரியும்படி பரப்பி எண்ணிவிட்டு சிப் தருவார். ரூலெட்டில் ஆளுக்கொரு நிறத்தில் தரும் சிப் அந்த டேபிளில் மட்டுமே செல்லும், எழுந்திருக்கும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். பந்து விழுந்ததும் ஜெயித்த எண்ணின் மேல் டீலர் ஒரு சின்னக் குமிழை வைப்பார். அதை எடுக்கும்வரை விரிப்பில் கை வைக்கக் கூடாது. பிளாக்ஜாக்கில் வாயால் சொன்னால் போதாது, சைகை வேண்டும்: இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் விரலால் தட்டுங்கள், போதுமென்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டுங்கள். டேபிளில் செல்போன் எடுக்காதீர்கள். அடையாள அட்டை கேட்பார்கள், கையோடு இருக்கட்டும்.

போனால் போகட்டும் என்று மனப்பூர்வமாக விடக்கூடிய தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, ஏடிஎம் கார்டை அறையிலேயே வைத்துவிடுங்கள். கடன் இருக்கும் நேரம், மனம் சரியில்லாத நேரம் என்றால் நண்பர்களோடு போங்கள், சாப்பிடுங்கள், ஆட மட்டும் வேண்டாம். இல்லையென்றால் உங்களுக்கு என் சிபாரிசு ஒற்றை ஜீரோ ரூலெட், இருப்பதிலேயே சின்னப் பந்தயம், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கட்டினாலே போதும்.