டிஸ்க் கடைசியில் நின்றால் ரைட்டரைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் நடந்த பைக் விபத்து என் கேமராவில் பதிவாகியிருக்கிறது. சித்தூர் கோர்ட்டில் கொடுக்க டிவிடியில் போட்டுத் தரச் சொல்கிறார் வக்கீல். லேப்டாப்பில் வெளியே செருகும் ரைட்டரை வைத்து எழுதினால் முக்கால்வாசிக்கு மேல் போய் நின்றுவிடுகிறது. ஒன்று மட்டும் முடிந்தது. அதுவும் வக்கீல் ஆபீஸில் காலி டிஸ்க் என்று காட்டுகிறது. பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரர், "ரைட்டர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள். இல்லையென்றால் பென்டிரைவைக் கொடுங்கள், வீடியோவைச் சின்னதாக்கி நானே எழுதி, சர்டிபிகேட்டும் சேர்த்துத் தருகிறேன்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பென்டிரைவை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன், அதற்கு முன் டிஸ்க்கைச் சரிசெய்துவிடுவோம்.

டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகும். மட்டமான டிஸ்க்கில் சாயப்பூச்சு விளிம்பில்தான் கெட்டிருக்கும். எழுதும் வேகமும் அங்கேதான் உச்சத்துக்குப் போகும். ஆகவே முக்கால்வாசி தாண்டி நிற்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான். ரைட்டர் போயிருந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தகராறு செய்யும். 50 டிஸ்க் கோபுரமாக, உறையில்லாமல், மலிவாக வருவதை வாங்காதீர்கள். உள்நாட்டில் பெரிய அளவில் தயாரித்த மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது. இப்போது கடைகளில் கிடைப்பதில் பழைய சரக்கும் ஊர் பேர் தெரியாத சரக்கும் நிறைய. தனி டப்பாவில் வருகிற, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க் இரண்டு வாங்குங்கள், போதும்.

வேகத்தைத் தானாக விடாமல் 8 எக்ஸ் என்று வையுங்கள். "எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது" என்று யாராவது சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். 16 எக்ஸ் என்று அச்சிட்ட டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்கென்று செய்தது. அதை 2 எக்ஸில் எழுதினால் சில ரைட்டர்களில் பிழை கூடவே செய்கிறது. 4 எக்ஸ் என்றே அச்சிட்ட பழைய டிஸ்க் கிடைத்தால் 4-லேயே எழுதலாம். உங்களிடம் இருப்பது 16 எக்ஸ் என்றால் 8, ரைட்டர் அனுமதிக்காவிட்டால் 6. அதற்குக் கீழே போக வேண்டாம்.

ரைட்டரை லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள், இடையில் ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வேண்டாம். கேபிளில் இரண்டு முனை இருந்தால் இரண்டையும் செருகுங்கள். எழுதும்போது மின்சாரம் போதாமல் நிற்பதும் சகஜம்.

வக்கீல் ஆபீஸில் காலியாகக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்க்கை மூடாமல், அதாவது எழுத்து முடிந்தது என்று பதிக்காமல் விட்டது. விண்டோஸ் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயருக்காகவா என்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடிந்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபிதான் கொள்ளும். காட்சி அதைவிடப் பெரிதென்றால் டிவிஆரிலேயே (கேமரா காட்சியைச் சேமிக்கும் பெட்டி) விபத்து நேரத்தை மட்டும், முன்பின் சில நிமிடங்களோடு தேர்ந்து எடுங்கள். வீடியோவைச் சுருக்காதீர்கள்.

பொள்ளாச்சிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம் என்றது இதற்குத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில், ஃபைலின் ஹேஷ் எண்ணை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை, எழுத வேண்டும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சின்னதாக்கிய வீடியோ உங்கள் டிவிஆரிலிருந்து வந்த ஃபைலே அல்ல. எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் பிடிப்பார். சான்றிதழின் 'ஏ' பகுதி கருவியை வைத்திருப்பவர் பொறுப்பில் எழுதுவது, அதாவது நீங்கள். 'பி' பகுதி நிபுணருக்கு. "மொத்தமாக முடித்துத் தருகிறேன்" என்று கோர்ட் பக்கத்தில் பணம் பறிப்பவர்கள், யாரோ நிரப்பிய படிவத்தில் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்குகிறார்கள். கூண்டில் ஏறி அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்கள். ஹேஷ் எடுப்பது கஷ்டமில்லை: செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் ஷா-256 என்று வரும். டிஸ்க்கில் எழுதிய பிறகும் ஒருமுறை எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் டிரைவே வருவதில்லை. மனுவை இணையத்தில் வாங்கிக்கொள்ளும் கோர்ட்டு, காட்சியை மட்டும் இன்னும் டிஸ்க்கில் கேட்டு, ஒரு மளிகைக் கடைக்காரரைப் பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் அலையவிடுவது நியாயமே இல்லை. வக்கீலிடம் பென்டிரைவாக ஏற்பார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், இன்றே டிவிஆரிலிருந்து அந்தக் காட்சியை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை அது எழுதிவிடும்.